பகலில் தோன்றும் விண்மீன்

கல்லூரிகள் விழா எடுக்குங் காலத்தில் நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவுதல் வழக்கம். மண்டபம், மணிக்கூட்டுக் கோபுரம், அலங்கார வாயில் என அவை பலவகைப்படும். அவற்றை நான் இகழ்கின்றேனல்லேன். முன்னோர் எழுப்பிய மண்டபங்களின் நிழலிலே படித்தவர்களே நாம் எல்லோரும். ஆயினும், இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் மனமுவந்து ஈயும் பொருளில் ஒரு சிறு பங்கையேனும் வேறொரு பணிக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. அப்பணி யாதெனின், ஞாயிற்றை நோக்குதற்கென்றே அமைந்த தொலைகாட்டி ஒன்றை நம் கல்லூரி வளவில் நிறுவி, அதன் வழியே கண்டதை நாள்தோறும் ஓர் ஏட்டிற் பதிந்து வருதலாம்.

தமிழ் படிப்பிப்பவனுக்குத் தொலைகாட்டியில் என்ன அலுவல் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகின்றது. புறநானூற்றின் முப்பதாம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் இயக்கத்தையும் தாமே நேரிற் சென்று அளந்து வந்தவர் போலச் சொல்ல வல்லார் இருந்தமையைக் குறிப்பிடுகின்றார். இப்பாட்டை வகுப்பிலே படிப்பிக்குந்தோறும் என் உள்ளத்தில் ஒரு நாணம் எழுவதுண்டு. அளந்து சொன்னாரைப் புகழ்ந்த பாட்டை நாம் மனனம் செய்கின்றோம். அளக்க மட்டும் முற்படுகின்றோமில்லை. விஞ்ஞான பாடத்தில் ஒளிமண்டலம், நிறமண்டலம் என்னுஞ் சொற்களை நம் மாணவர் பிழையின்றி எழுதுவர். அச்சொற்கள் குறிக்கும் பொருளைத் தம் கண்ணாற் கண்டவர் அவருள் எத்தனை பேர்? பொருளைக் காணாது சொல்லை மட்டும் கற்றல், உணவைக் காணாது அதன் பெயரை உண்பது போலாம். சொல்லைக் காக்குங் கடமை பூண்ட தமிழாசிரியன் இதற்கு இரங்காமல் வேறெவர் இரங்குவர்?

விண்மீன்கள் எண்ணிலவாயினும், அவற்றைக் காணுதற்கு இரவு வேண்டும். பள்ளியோ காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிவது. அந்நேரத்தில் வானத்தில் நிற்கும் விண்மீன் ஒன்றே, அது ஞாயிறு. ஏனைய விண்மீன்கள் எத்துணைப் பெரிய தொலைகாட்டியிலும் பெரும்பாலும் புள்ளியாகவே தோன்றுவன. ஞாயிறு ஒன்றுதான் வட்டமாய், வடிவுடையதாய், தன் மேனியில் நிகழும் மாற்றங்களை மறையாது காட்டுவது. பள்ளிக்கூடத்துக்கென்றே இயற்கை அளித்த விண்மீன் அது எனலாம். நமது யாழ்ப்பாணத்துக்கோ அது தலைக்கு நேரே வந்து நிற்கும் உறவும் உடையது. ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாளிலும், ஆவணி மாதத்தில் ஓகஸ்ட் 28ஆம் நாளளவிலும், நண்பகலில் நடப்பட்ட கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுவதை எவரும் காணலாம்.

இத்துணை அணுக்கமான ஞாயிற்றோடு நாம் பழகும் முறையில் ஒரு முரண்பாடு உண்டு. 2010ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், தைப்பொங்கலின் மறுநாள், கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்திற் புலப்பட்டது. முதனாட் காலையில் முற்றத்திலே கோலமிட்டுக் கதிரவனுக்குப் பொங்கிப் படைத்தவர்களுட் பலர், மறுநாட் பிற்பகல் அதே கதிரவனுக்குக் கதவடைத்தனர். 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையிலும் அத்தகைய கிரகணம் நம் வானிலே வந்து சென்றது. அன்றும் வெளியே வந்து உரிய முறையில் நோக்கினோர் இருந்தனர். பிள்ளைகளைச் சாளரமடைத்து உள்ளே இருத்தினோரும் இருந்தனர். கிரகண காலத்து நீராடலையும் வழிபாட்டையும் நான் குறை கூறவில்லை. அவை நம் சமயத்தின் பாற்பட்டவை. ஆயின், கிரகணம் இன்ன நாழிகையில் தொடங்கும் என்று பஞ்சாங்கம் கூறுகின்றதே, அக்கணிதம் எங்கிருந்து வந்தது? தலைமுறை தலைமுறையாக வானத்தை நோக்கியவர்களின் கண்ணிலிருந்தன்றோ வந்தது? வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேறுபடுமிடத்து எது சரியெனத் தீர்க்க வல்லதும் வானை நோக்கும் கண்ணேயாம். நோக்கினவர்களின் வழித்தோன்றல்கள் நோக்காதிருப்பதே முறையெனக் கொண்டது எவ்வாறு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அச்சத்தில் உண்மையுள்ள பகுதி ஒன்று உண்டு. அதனை மறைத்தல் தகாது. வெறுங்கண்ணால் ஞாயிற்றை உற்று நோக்கின் விழித்திரை கருகும். விழித்திரைக்கு நோவை உணரும் இயல்பு இல்லையாதலின், கேடு நிகழ்வதைக் கண் அப்பொழுது அறியாது. சாதாரணத் தொலைகாட்டியால் ஞாயிற்றை நோக்குதல் இன்னும் கொடியது. நொடியளவில் பார்வையைப் பறித்துவிடும். ஆனால் இக்கேடு கிரகண நாளுக்கு மட்டும் உரியதன்று. எல்லா நாளுக்கும் உரியது. இதற்குப் பரிகாரம் கதவடைத்தலன்று, முறையறிந்து நோக்கலே. தொலைகாட்டியின் முன்வாயிலில், ஒளியின் இலட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை இறுகப் பொருத்துதல் ஒரு முறை. கண்ணை வைக்குமிடத்திற் பொருத்தும் சிறு வடிகட்டிகள் வெப்பத்தால் வெடிக்கக்கூடுமாதலின் அவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். தொலைகாட்டியின் வழியே வரும் உருவை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்து, தாளை மட்டும் பலரும் சூழ்ந்து நோக்குதல் மற்றொரு முறை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஞாயிற்றுப் புள்ளிகளை வரைந்த அறிஞர் கையாண்டதும் இதுவே. கலிலியோ 1612ஆம் ஆண்டில் நாள்தோறும் வரைந்த படங்கள் இன்றும் உள்ளன. அவற்றை வரிசையாக நோக்கின் புள்ளிகள் நகர்வதையும், ஞாயிறு தன்னைத்தானே சுற்றுவதையும் ஒரு சிறுவனும் உணர்வான்.

இனி, ஞாயிற்றுக்கென்றே அமைந்த தொலைகாட்டி யாது, அஃது எதற்கு என்பதைக் கூறுவேன். 1868ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று தென்னிந்தியாவின் ஊடாகச் சென்றது. அதனைக் காண்பதற்குப் பிரான்சு நாட்டு அறிஞர் பியேர் ஜான்சென் ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்திருந்தார். மறைந்த ஞாயிற்றின் விளிம்பிலே செந்தழல்கள் எழுந்து நிற்பதை அவர் நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தார். அவற்றின் ஒளி சில குறித்த நிறங்களிலேயே செறிந்திருந்தது. அந்நிறத்தை மட்டும் பிரித்து நோக்கினால் கிரகணம் இல்லாத நாளிலும் இத்தழல்களைக் காணலாமே என்று எண்ணினார். மறுநாளே கண்டும் விட்டார். இங்கிலாந்திலே நோர்மன் லொக்கியர் என்பாரும் தனித்து முயன்று அதே முறையை அவ்வாண்டு ஒக்டோபரில் நிறைவேற்றினார். அத்தழல்களின் ஒளியில் தோன்றிய மஞ்சட் கோடொன்று, புவியில் அறியப்படாத மூலகம் ஒன்றினுடையதெனக் கருதப்பட்டது. ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் ஈலியம் எனப்பட்ட அம்மூலகம், 1895ஆம் ஆண்டில் புவியிலும் கண்டறியப்பட்டது. குண்டூர் நமக்குக் கற்பித்த பாடம் யாதெனின், ஞாயிற்றை அறியக் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே.

காத்திருந்தோர் ஏமாந்த கதையும் நம் நாட்டிலேயே உண்டு. 1955ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் இலங்கையைக் கடந்து சென்றபொழுது, பொலனறுவைப் பகுதியிலே பிறநாட்டு அறிஞர் பலர் பெருங்கருவிகளை நிறுவிக் காத்திருந்தனர். முகில் வந்து மூடிற்று. சில நிமிடக் காட்சிக்காகப் பல மாதம் உழைத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். நாள்தோறும் நோக்குபவனுக்கோ இன்று முகில் மறைத்தால் நாளை இருக்கின்றது.

ஜான்சென் கண்ட வழியே இன்றைய ஞாயிற்றுத் தொலைகாட்டிகளுக்கும் அடிப்படை. ஐதரசன் வாயு செந்நிறத்தில் 656.3 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை உமிழும், உறிஞ்சவும் செய்யும். அந்த ஓர் ஒளியைச் சூழ, ஒரு நனோமீற்றரின் பத்திலொரு பங்கினும் குறைந்த அகலத்தை மட்டும் விட்டு, மற்றெல்லா ஒளியையும் தடுத்துவிடின், ஒளிமண்டலத்தின் கண்கூசும் பிரகாசம் நீங்கி, அதன்மேற் கிடக்கும் நிறமண்டலம் புலப்படும். இதனைச் செய்வது, நுண்ணிய இடைவெளியில் சமாந்தரமாக வைத்த இரு கண்ணாடித் தட்டுகள். அவற்றின் உட்பக்கங்களிற் பூசிய பூச்சில் ஒளி மீண்டும் மீண்டும் தெறிக்க, இடைவெளிக்குப் பொருந்திய அலைகளே வலுப்பெற்று வெளியேறும். பிற ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு அறிஞர் பபிறி, பெறோ இருவரும் அமைத்த கருவியின் வழிவந்தது இது. வெப்பத்தையும் எஞ்சிய ஒளியையும் தடுக்கும் வேறு வடிகட்டிகளும் அத்தொலைகாட்டியிற் சேர்ந்தே இருக்கும். நாற்பது மில்லிமீற்றர் வாயகலமுள்ள சிறு கருவியிலேயே காட்சி போதிய அளவு தெளிவாயிருக்கும். விளிம்பிலே தழல்கள் வளைந்தெழும். அவையே வட்டத்தின் நடுவே வருங்கால் கருநூல் போற் கிடக்கும். புள்ளிகளைச் சூழ்ந்த வாயு, இரும்புத் துகள் காந்தத்தைச் சூழ்ந்து நிற்குமாறு போல வரிவரியாய்ப் படிந்திருக்கும். அவ்வொப்புமை வெறும் உவமையன்று. புள்ளிகளில் வலிய காந்தப்புலம் உண்டென்பதை 1908ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹேல் நிறுவினார்.

கண்டதைப் படமாக்குதலும் இன்று மாணவரின் கைக்கெட்டியதே. வருவது ஒரே நிறவொளியாதலின் கறுப்பு வெள்ளைக் கமராவே சிறந்தது. படங்களிற் காணும் செம்பொன்னிறம் பின்னர் ஊட்டப்படுவதாம். புவியின் காற்று ஓயாது அசைவதால் ஒரு படத்தை மட்டும் எடுப்பின் அது கலங்கியிருக்கும். ஆகலின் ஒரு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான படங்களைத் தொடர்ந்தெடுத்து, அவற்றுள் காற்று அடங்கிய கணங்களில் எடுபட்ட சிலவற்றைக் கணினியால் தெரிந்து ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி, தெளிந்த ஒரு படத்தைப் பெறுவர். தரை சூடேறுமுன் காலை வேளையே இதற்கு உகந்தது. சீமெந்துத் தளத்தினும் புற்றரை நல்லது. நம் விளையாட்டு மைதானத்தின் ஓரமே போதும்.

இதனால் விளையும் பயன் என்ன என்ற வினாவுக்கு விடையாக நிற்பது கொடைக்கானல் மலை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பின், மழையின் போக்கை அறிய ஞாயிற்றை ஆராய்தல் வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்து ஆட்சியாளரிடையே வலுப்பெற்றது. அதன் பேறாக 1899ஆம் ஆண்டில் கொடைக்கானலில் ஞாயிற்று வானாய்வகம் தொடங்கிற்று. 1904ஆம் ஆண்டிலிருந்து அங்கே, வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் ஞாயிற்றின் படம் எடுக்கப்பட்டு வந்தது. 1909ஆம் ஆண்டு சனவரியில் ஜோன் எவர்ஷெட், புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பஞ்சத்தை முன்னறியும் எளிய விதி எதுவும் புள்ளிகளிலிருந்து கிடைத்துவிடவில்லை. ஆயினும் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த அப்படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, ஞாயிற்றின் நீண்டகால இயல்பை ஆராய்வார்க்குக் கிடைத்தற்கரிய செல்வமாய் விளங்குகின்றன. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. விடாது பதிந்தமையே அப்பேற்றுக்குக் காரணம். கொடைக்கானலும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் உள்ளவை. அங்கே உதிக்கும் ஞாயிறே இங்கும் உதிக்கின்றது.

பதிவுக்குப் பெருங்கருவியும் இன்றியமையாததன்று. யேர்மனியிலே மருந்து விற்பவராயிருந்த சுவாபே என்பவர் 1826ஆம் ஆண்டு முதல், சிறு தொலைகாட்டியால் நாள்தோறும் புள்ளிகளை எண்ணி வந்தார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளின் பின், புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்று உலகுக்கு அறிவித்தார். அவ்வட்டம் சராசரி பதினோர் ஆண்டென்பது இன்று தெளிவு. புள்ளி இல்லாத நாளையும் அவர் 'இல்லை' என்று எழுதி வைத்தமையாலன்றோ அது புலனாயிற்று! 1645 முதல் 1715 வரையில் எழுபதாண்டுக் காலம் ஞாயிறு புள்ளிகள் மிக அருகியே இருந்தது என்பதும், காணாமையையும் பதிந்தவர்களால் நாம் அறிந்ததே.

மறுப்புரைகளையும் நோக்குவோம். பணம் எங்கே என்பர் சிலர். இத்தகைய சிறு தொலைகாட்டியின் விலை இரண்டொரு நல்ல மடிக்கணினிகளின் விலையளவே. வாயிற் கோபுரம் ஒன்றின் செலவில் அது மிகச் சிறு பங்கு. அதுவும் உடனே வேண்டியதில்லை. வெள்ளைத் தாளும் எளிய தொலைகாட்டியும் கொண்டு தொடங்கி, ஓராண்டு ஏட்டை விடாது நிரப்பிக் காட்டிய பின்னரே பெரிய கருவியை வாங்குக என்பேன். பரீட்சைக்கு இது வருமா என்பர் வேறு சிலர். நாளுக்குப் பத்து நிமிடம் பரீட்சையைக் கெடுத்துவிடாது.

எல்லாவற்றினும் வலிய மறுப்பு வேறொன்று. விண்கலங்கள் எடுத்த ஞாயிற்றுப் படங்கள் நாள்தோறும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023ஆம் ஆண்டில் சிறீகரிக்கோட்டாவிலிருந்து சென்ற ஆதித்தியா என்னுங் கலமும் ஞாயிற்றை நோக்குகின்றது. அவற்றின் முன் நம் சிறு கருவி எம்மாத்திரம் என்பது அது. உண்மையே; அப்படங்களை நாம் விஞ்சப் போவதில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்கின்றேன். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் புவியின் விட்டத்தைப் போற் பதினைந்து மடங்களவு அகன்ற புள்ளிக் கூட்டம் ஒன்று ஞாயிற்றில் தோன்றிற்று. கிரகணக் கண்ணாடி அணிந்த வெறுங்கண்ணுக்கே அது தெரிந்தது. அதிலிருந்து கிளம்பிய புயலால், இமயத்தை அடுத்த இலடாக்கிலும் வானம் செவ்வொளி பூண்டது. இருபதாண்டுகளில் அத்துணை வலிய காந்தப் புயல் புவியைத் தாக்கியதில்லை. அப்புள்ளி நம் கல்லூரிக் கூரையின் மேலும் நாள்தோறும் ஊர்ந்து சென்றது. நான் அதனைக் காணவில்லை. சில நாள் கழித்துச் செய்தியிற் படித்தேன். தலைக்கு மேலே நிகழ்ந்ததைப் பிறர் சொல்லக் கேட்டறிந்த அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பிறர் எடுத்த படம் அறிவைத் தரும். நாம் நோக்கி நாமே வரைந்த படம் நோக்கும் பழக்கத்தைத் தரும். பள்ளிக்கூடம் இருப்பது இரண்டாவதற்காக.

இறுதியாக, இப்பணியைத் தனி மனிதரிடம் விடாது கல்லூரியிடம் ஏன் ஒப்படைக்க விழைகின்றேன் என்பதைச் சொல்லி முடிப்பேன். ஆறாம் வகுப்பிற் சேரும் மாணவன் உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறுவதற்கு எட்டாண்டு செல்லும். ஞாயிற்றின் ஒரு வட்டமோ பதினோர் ஆண்டு. ஆகவே, நம் மாணவன் எவனும் ஒரு முழு வட்டத்தைக் கல்லூரியில் இருந்து கண்டு முடிக்க இயலாது. ஏறுமுகத்தைக் கண்டவன் இறங்குமுகத்தைக் காணான், தொடங்கியவன் முடிக்கான். அவன் விட்ட இடத்தில் அடுத்தவன் எழுதுகோலை எடுத்தாலன்றி அவ்வட்டம் நிறைவுறாது. மாணவன் காண இயலாததைக் கல்லூரி காணும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வட்டம் 2024ஆம் ஆண்டில் உச்சநிலையை எய்திற்று. இனிப் புள்ளிகள் குறைந்து பின்னர் மீண்டும் பெருகும். அடிவாரத்திலிருந்து தொடங்குவது நல்லதே. வெறும் வட்டத்தை வரைந்து 'இல்லை' என்று எழுதும் பொறுமையை முதலிற் கற்றவன், புள்ளி தோன்றும் நாளில் அதன் பெருமையை அறிவான்.

ஆகலின், பழைய மாணவ நண்பர்களே, நான் வேண்டுவது ஒரு கருவியையும் ஓர் ஏட்டையும். கருவி பழுதுபடலாம், அதனை மாற்றலாம். ஏடு மட்டும் இடையறாது செல்லல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நாள், நேரம், வானத்தின் நிலை, புள்ளிகளின் தொகை, வரைந்த மாணவனின் கையெழுத்து ஆகியவை தமிழிலே பதியப்படுக. இனி வரும் விழாவன்று, தலை நரைத்த ஒருவர் அவ்வேட்டைப் புரட்டித் தம் பன்னிரண்டாம் வயதிற் கோணலாக வரைந்த வட்டத்தையும், அதிலே தாம் இட்ட இரு சிறு புள்ளிகளையும் கண்டு, அருகில் நிற்கும் சிறுவனிடம் "இன்று எத்தனை?" என்று வினவுவாராக.